அடுத்த தடவை சட்டென்று திறக்கும்

பிப்ரவரி 4, 2002. பிஷ்கெக்.

வெப்பக் குழாய் இன்றும் வெதுவெதுப்பு மட்டும்தான். கோட்டைக் கழற்றாமலே வேலை செய்தேன். நிறுவனத்தில் எனக்கு ஒதுக்கிய அறை வடக்குப் பார்த்தது. வெயில் விழும் தெற்குப் பார்த்த அறை ஸ்லாவாவுக்கு. என்னிடம் படித்தவன். ஆய்வகத் தலைவர் நாற்காலி யாருக்கு என்ற பேச்சு வந்தபோது இயக்குநருக்கு என் பெயர் ஞாபகம் வரவில்லை. இதை எத்தனை தடவை எழுதிவிட்டேன்! எழுதியும் தீரவில்லை.

ஆனாலும் இன்று நல்ல நாள். ஆப்லெட் ஓடுகிறது.

இயக்குநர் எட்டிப் பார்த்து, "என்னய்யா அது, திரையில உருளுது?" என்றார். இணையப் பக்கத்தோடு கூடவே இறங்கி வந்து உலாவிக்குள்ளேயே ஓடுகிற சின்ன நிரல் என்றேன். ஒன்பது புழுக்கை ஆட்டம். ஆளுக்கு ஒன்பது குழி, குழிக்கு ஒன்பது காய். இங்கே நான் ஒரு குழியை எடுத்து விதைத்தால் கரகோலில் என் மகள் அதைப் பார்ப்பாள். "ஓ, புழுக்கையா!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். மேய்ப்பர்கள் ஆட்டுப் புழுக்கையை வைத்து ஆடினார்களாம். பெயர் வைத்தது நானில்லை.

எல்லாரும் இதை ஜாவாவில்தான் எழுதுவார்கள். நான் எழுத மாட்டேன். ஜாவா ஒரு பாஸ்போர்ட் அலுவலகம். எதைச் செய்வதானாலும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பைத்தானில் நினைத்ததை எழுதினால் ஓடுகிறது. காலையில் தோன்றியதை மதியச் சாப்பாட்டுக்குள் மாற்றிவிடலாம். ஜைத்தான் என்ற கருவி அதை ஜாவாவாக்கி, அந்த மொழி ஓடத் தேவையான எந்திரம் முழுவதையும் கூடவே சேர்த்து, ஒரே கோப்பாகக் கட்டித் தந்துவிடுகிறது. ஒரே மூட்டை. சுத்தமான வேலை.

சனிக்கிழமை நான்கு மணிக்கு, பள்ளி விட்டதும், பெகிமாய் தபால் நிலையத்துக்குப் பக்கத்து இணையக் கடைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பதினைந்து வயது. அவள் அம்மா தமீரா என்னை விட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு அக்கா அனாரா வீட்டுக்குப் போனபோது என் இடுப்பு உயரம் இருந்தாள். இப்போது எவ்வளவு உயரமோ. வருடத்தில் ஒரு தடவை பார்ப்பதை வைத்து எதைச் சொல்ல?

பிப்ரவரி 9, சனி.

வந்தாள்!

நான்கு மணி தாண்டி, நான் எழுந்து நடந்து உட்கார்ந்து, சரி, அவ்வளவுதான் என்று கோட்டை மாட்டிக்கொண்ட நேரத்தில் அவள் பக்கத்து மூன்றாம் குழி காலியானது. காய்கள் ஒவ்வொன்றாக அடுத்தடுத்த குழிகளில் விழுந்தன. யாரோ தெருவிலிருந்து என் ஜன்னலில் கல் எறிந்து கூப்பிட்டது போலிருந்தது. சின்ன வயதிலும் மூன்றாம் குழியில்தான் ஆரம்பிப்பாள். அது மோசமான ஆரம்பம் என்று நூறு முறை சொல்லியிருக்கிறேன்.

பாதி ஆட்டத்தில் அவள் நேரம் முடிந்துவிட்டது. சாயங்காலம் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"ரொம்ப நேரம் ஆச்சுப்பா, திறக்கவே. வெறும் சாம்பல் கட்டம்தான் இருந்துச்சு."

"முதல் தடவை அப்படித்தான் இருக்கும். உலாவி அந்தக் கோப்பை எடுத்துத் தன்கிட்டயே வச்சுக்கும். அடுத்த தடவை சட்டுன்னு திறக்கும், பாரு."

மெதுவாக வந்ததற்குக் காரணம் கரகோலின் இணைப்புதான், நிரல் அல்ல என்பதையும் சொன்னேன். பைத்தான் ஏன் மற்றவற்றைவிட உயர்ந்தது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, "அப்பா, பெரியம்மாவுக்கு போன் வேணுமாம்," என்றாள். அனாரா! என் மகளோடு ஐந்து நிமிடம் பேச விடமாட்டாள். தமீராவைக் கிளப்பிவிட்டதும் அவள்தானே.

பிப்ரவரி 11.

தேநீர் நேரத்தில் ஸ்லாவா எல்லார் முன்னிலையிலும்: "கெமெல் ஒரோசோவிச், புழுக்கை உருட்ட ஒரு மெகாபைட்டா? பேசாம ஆட்டையே அனுப்பியிருக்கலாமே!"

எல்லாரும் சிரித்தார்கள். கணக்குப் பிரிவுப் பெண் சிரித்துச் சிரித்துத் தேநீரைக் கீழே கொட்டினாள். நான் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 15, வெள்ளி.

பலகைக்கு ஷிர்தாக் கம்பளத்து ஓரம் வரைந்தேன். சிவப்பில் ஆட்டுக்கொம்பு வளைவு. ஜாவாவில் என்றால் வாரம் ஆகும்; நான் மதியத்துக்குள் முடித்தேன். ஏற்றிவிட்டேன். 'இந்த வாரம் பலகையைப் பார், புதிது' என்று அவளுக்கு மெயில் போட்டேன்.

பிப்ரவரி 16.

மிகவும் தாமதமாக வந்தாள். மூன்று நகர்த்தல். அதோடு போய்விட்டாள். ஓரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிப்ரவரி 23.

வரவில்லை. 'இன்னைக்கு முடியலப்பா' என்று ஒரு வரி மெயில். ஏன் முடியவில்லை? பிள்ளைகளுக்குக் காரணம் சொல்லக் கற்றுத் தருவதில்லையா அந்த வீட்டில்?

மார்ச் 1, வெள்ளி.

யோசித்துப் பார்த்தால் தப்பு என்னுடையதும்தான். பதினைந்து வயதுப் பெண்ணை வெறும் குழியும் காயும் எப்படி இழுக்கும்? காய் விழும் சத்தம் சேர்த்தேன். நிஜமாகவே பாதாம் கொட்டைகளை மரப்பலகையில் போட்டுப் பதிவு செய்தது. மூலையில் அவள் பெயர். ஏற்றிவிட்டேன்.

மார்ச் 2.

வரவில்லை.

மார்ச் 8.

மகளிர் தின வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டேன். தமீராதான் எடுத்தாள். வாழ்த்தை வாங்கிக்கொள்ளாமல் விஷயத்துக்கு வந்தாள். ஒலெக் என்று ஒருவர். ருஷ்யாவில், எகாடெரின்பர்க்கில் பேக்கரி வைத்திருக்கிறார். அவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஜூலையில் அங்கே போகிறாள்.

"பெகிமாய்?"

"அவ ஒன்பதாவது முடிக்கட்டும். எங்கூட வர்றதா, உங்ககிட்ட வந்து பிஷ்கெக்ல படிக்கிறதான்னு அவளே முடிவு பண்ணட்டும்னு விட்டுட்டேன். நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்களும் அவள நெருக்காதீங்க."

"நான் எதுக்கு நெருக்குறேன்?"

"நெருக்க வேணாம். ஆனா கேக்கலாம்ல?"

போனை வைத்துவிட்டேன். கேட்பதாம்! அப்பாவிடம் இருப்பதற்குப் பிள்ளையை விண்ணப்பம் போட்டுக் கூப்பிட வேண்டுமா? அவளுக்கே தெரிய வேண்டும். எனக்கு அவள் வேண்டாம் என்றா வாரம் வாரம் இந்த ஆட்டத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்?

கேட்க மாட்டேன். காட்டுவேன்.

மார்ச் 15, வெள்ளி.

குதிரை. பலகையின் வலது மூலையில் ஒரு சாம்பல் நிறக் குதிரை நிற்கும். அவள் ஜெயித்தால் தலை வணங்கும். நான் ஜெயித்தால் திரும்பி நின்றுகொள்ளும். இவ்வளவும் இருபது வரி. ஏற்றிவிட்டேன். 'இந்த வாரம் குதிரை வந்திருக்கிறது, பார்' என்று எழுதினேன்.

மார்ச் 16.

வரவில்லை. குதிரை தனியாக நின்றது.

மார்ச் 22.

வசந்தப் புத்தாண்டான நூருஸுக்காகப் பலகையின் நடுவில் சுமோலோக் என்ற கோதுமைக் கஞ்சி காய்ச்சும் கொப்பரை, அடியில் நெருப்பு அசைகிற மாதிரி. நேற்றே ஏற்றினேன். வரவில்லை என்பது நாளை எழுத வேண்டியது, இன்றே எழுதிவிடுகிறேன்.

ஏப்ரல் 10.

ஸ்லாவா அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான், தனியாகப் பேசுகிறானாம். "கெமெல் ஒரோசோவிச், தப்பா நினைக்காதீங்க. உங்க அந்த ஒத்தைக் கோப்பு விஷயமா ஒண்ணு சொல்லணும். சின்ன விஷயம்தான், அதை நீங்க—"

"என் கோப்பைப் பத்தி நீ பேசாதே," என்றேன். "எல்லார் முன்னாடியும் பேசினியே, அதுவே போதும்."

"அன்னைக்கு விளையாட்டாச் சொன்னேன்."

"நானும் விளையாட்டுக்குத்தான் எழுதுறேன். போ."

போய்விட்டான். முகம் சிவந்திருந்தது. எனக்கு நாள் முழுக்க நன்றாக இருந்தது.

ஏப்ரல் 27.

நேற்றும் புதிதாக ஏற்றினேன், இன்றும் வரவில்லை. தமீராதான் அவளை விடாமல் தடுக்கிறாள். வேறென்ன? 'நான் எதுவும் சொல்ல மாட்டேன்' என்றவள் சனிக்கிழமை பார்த்து வேலை கொடுப்பாள். இல்லையென்றால் அனாரா. ஒலெக் மாமாவுக்கு நன்றிக் கடிதம் எழுத வைத்திருப்பார்கள். ரொட்டிக்கடைக்காரன்.

மே 12.

எழுதிவிட்டேன். 'விளையாட இஷ்டம் இல்லையென்றால் நேராகச் சொல். இனி தொந்தரவு செய்ய மாட்டேன்.' அனுப்பியதும் திரும்ப எடுக்க வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. எவ்வளவோ கண்டுபிடித்தார்கள்...

மே 17.

பதில். 'தொந்தரவெல்லாம் இல்லப்பா.' ஒரே வரி. கீழே எதுவும் இல்லை. ஆனால் பலகையில் அவளும் இல்லையே.

ஜூன் 14.

தமீரா கூப்பிட்டாள். பெகிமாய் அம்மாவோடு போகிறாளாம். முடிவு செய்துவிட்டாள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை நாட்டை விட்டுப் போக அப்பாவின் ஒப்புதல் வேண்டும், நோட்டரி முன்னால் கையெழுத்து. பிஷ்கெக் வழியாகக்கூட வரப் போவதில்லை. கோடையில் கணவாய் திறந்திருப்பதால் கரகோலிலிருந்து நேரே அல்மாட்டி, அங்கிருந்து ரயில். என்னைத் தாண்டாமல் போவதற்கு மலையே வழி விட்டிருக்கிறது.

"தபால்ல அனுப்பிடுங்க," என்றாள்.

"நானே வர்றேன்."

போடமாட்டேன். அவர்கள் வீட்டு மேஜையில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வரப் போகிறேன். ஒரு தடவையாவது என் பெயர் யாருக்காவது ஞாபகம் வரட்டும்.

ஜூன் 29, சனி. கரகோல்.

நடந்ததை நடந்தபடியே எழுத வேண்டும். பிறகு நான் அதை எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

பேருந்து மூன்றரைக்கு வந்து சேர்ந்தது. அனாரா வீட்டுக்குப் போவதற்கு முன் அந்த இணையக் கடைக்குப் போனேன். என்ன எண்ணம்? குதிரையோடும் கொப்பரையோடும் பலகையைத் திரையில் திறந்து, அவளைக் கூட்டி வந்து காட்ட வேண்டும். பார், இதைத்தான் நீ வேண்டாம் என்றாய்.

நீளமான, இருட்டான அறை. பையன்கள் துப்பாக்கி ஆட்டம் ஆடிக்கொண்டு கத்துகிறார்கள். கடைக்காரி லில்யா, நாற்பது வயதிருக்கும், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தோலைச் செய்தித்தாளில் துப்பிக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஓர கம்ப்யூட்டரைக் கேட்டேன்.

"அது வேணாம், பக்கத்துல உக்காருங்க. சனிக்கிழமை நாலு மணிக்கு அது ஒரு பொண்ணுக்கு. இப்ப வர்றதில்ல. ஆனாலும் கை பழகிப்போச்சு, யாருக்கும் குடுக்குறதில்ல."

பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தைத் திறந்தேன். சாம்பல் கட்டம். காத்திருந்தேன். சாம்பல் கட்டம். என் அறையில் அது ஒரு நொடி. சர்வர் அடுத்த அறையில் இருக்கிறது. இங்கே பையன்கள் மூன்று ஆட்டம் முடித்தார்கள். சாம்பல் கட்டம்.

லில்யா வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அட, நீங்களும் இந்த டப்பாதானா! விட்டுருங்க. அது திறக்காது."

"திறக்கும். கொஞ்ச நேரம் ஆகும்."

"அந்தப் பொண்ணும் இதையேதான் சொல்லும். வந்து பேசாம உக்காரும். பசங்க கத்துவானுங்க, லைனைப் பூரா இவளே உறிஞ்சுறான்னு. அது ஒரு மணி நேரம் உக்காந்து, கைல இருக்குற காசு தீந்ததும் எந்திரிச்சுப் போயிரும். நான்கூடச் சொன்னேன், உங்கப்பனுக்கு எழுதிப் போடும்மா, இதைக் கொஞ்சம் சின்னதாப் பண்ணுய்யான்னு. 'இல்லக்கா, அடுத்த தடவை சட்டுன்னு திறக்கும்னு அப்பா சொல்லியிருக்காரு'ம்பா. எந்த அடுத்த தடவை? மே மாசம் வரைக்கும் பாத்தேன், ஒரு சனிக்கிழமை விடல. ஆமா, நீங்க யாரு?"

"அந்த அப்பன்."

விதை கொறிப்பதை நிறுத்தினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "உங்க நேரம் முடியப் போகுது. நீட்டட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

அந்த நாற்காலியில்தான் எனக்குப் புரிந்தது. புரிவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதுதான் கொடுமை. உலாவி கோப்பை வைத்துக்கொள்ளும் என்று நான் சொன்னது உண்மை. கோப்பு மாறாமல் இருந்தால். நானோ எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறேன். ஓரத்தில் ஒரு கொம்பை மாற்றினாலும் மூட்டை முழுவதும் புதிது. உலாவி பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து இறக்கும். வெள்ளிதோறும் நான் ஏற்றினேன். சனிதோறும் அவள் முதலிலிருந்து. சத்தம் சேர்த்தேன், இன்னும் கனமாச்சு. குதிரை, இன்னும். அவ வரலைன்னு சேர்த்தேன். சேர்த்ததால அவளால வர முடியலை. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை நான் சும்மா இருந்திருக்கலாம். கைய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாமே...

மூன்றாம் வருட மாணவனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். ஸ்லாவா கதவைச் சாத்திக்கொண்டு வந்து சொல்லப் பார்த்தான்.

வீட்டு வாசலில் பெகிமாய் நின்றிருந்தாள். என் காது வரை வளர்ந்திருக்கிறாள். "பேருந்து லேட்டாப்பா?" என்றாள். உள்ளே போகவில்லை. "பசிக்குது" என்று பொய் சொல்லி அவளைச் சந்தைக்குப் பின்னால் அஷ்லான்ஃபூ விற்கிற சந்துக்குக் கூட்டிப் போனேன். குளிர்ந்த நூடுல்ஸில் காரத்தை ஓரமாக ஒதுக்கினாள்; அதுவும் சின்ன வயதிலிருந்தே.

"ஏம்மா சொல்லல? திறக்கலன்னு."

"சொன்னேனே. முதல் நாளே."

என் தட்டை அருகே இழுத்துக்கொண்டேன்.

"அதுக்கப்புறம் வாரா வாரம் மெயில் போடுவீங்க. இந்த வாரம் ஓரம் புதுசு, இந்த வாரம் சத்தம் வருது, இந்த வாரம் குதிரைன்னு. குதிரை வேணாம்னு எப்படிப்பா சொல்றது?"

"குதிரையைப் பாத்தியா?"

"இல்லப்பா."

தட்டில் காடி வாசம். பக்கத்துப் பெஞ்சில் யாரோ கல்யாணத்துக்கு எத்தனை ஆடு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கடைசியில் கேட்டேன். மார்ச்சில் கேட்டிருக்க வேண்டியதை.

"எங்கூட இருக்கியாம்மா? பிஷ்கெக்ல?"

அவள் கரண்டியை வைத்தாள். கோபமே இல்லாமல் சொன்னாள்: "இப்பக் கேக்குறீங்க."

பிறகு, நான் பார்க்கிற பார்வையைப் பார்த்துவிட்டு: "டிக்கெட் எடுத்தாச்சுப்பா. அங்க ஸ்கூல்லகூடச் சேத்தாச்சு. நீங்க ஒரு வார்த்தையும் கேக்கல. சரி, உங்களுக்கு வேலை அதிகம், நான் வந்தா இடைஞ்சல்னு நினைச்சுட்டேன்."

முன்னாலேயே கேட்டிருந்தால் வந்திருப்பாயா என்று கேட்கவில்லை. எந்தப் பதிலையும் தாங்குகிற தெம்பு இல்லை.

ஜூலை 1, திங்கள். கரகோல்.

நோட்டரி அலுவலகம் திறந்ததும் கையெழுத்துப் போட்டேன். வெளியே படியில் தமீரா சொன்னாள்: "தகராறு பண்ணத்தான் வந்திருக்கீங்கன்னு அக்கா சொல்லிட்டே இருந்தா."

"அதுக்குத்தான் வந்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். பல வருடம் கழித்து. அனாரா சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பது இந்த ஊருக்கு வந்ததில் எனக்கு நேர்ந்த இன்னொரு தண்டனை.

ஜூலை 9. பிஷ்கெக்.

நேற்று அவர்கள் அல்மாட்டியில் ரயில் ஏறிவிட்டார்கள்.

ஸ்லாவாவின் அறைக்குப் போனேன். "ஏப்ரல்ல என்ன சொல்ல வந்தே?"

"எந்த ஏப்ரல்?" உண்மையாகவே மறந்திருந்தான். நெற்றியைத் தேய்த்தான். "ஓ, அதுவா! ஒண்ணுமில்ல கெமெல் ஒரோசோவிச். அந்த மொழி எந்திரத்தை ஒரு கோப்பா, ஆட்டத்தைத் தனிக் கோப்பாப் பிரிச்சு வைங்கன்னு சொல்ல வந்தேன். பெருசு ஒரே தடவை இறங்கினாப் போதும். அப்புறம் நீங்க தினம் ஆட்டத்தை மாத்தினாலும் சின்னதுதான் இறங்கும்."

"தெரியும்," என்றேன்.

இப்போது தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். நன்றி என்றும். அவன் தேநீர் ஊற்றிக் கொடுத்தான், குடித்தேன். அவன் அறையில் நல்ல வெயில். அதை இன்னும் மன்னிக்கவில்லை.

ஜூலை 10.

பிரித்துவிட்டேன். ஒரு மதிய வேலை.

செப்டம்பர் 7, சனி.

நான்கு மணிக்குப் பலகையைத் திறந்து வைத்தேன். பழக்கம்.

அக்டோபர் 19.

யாரும் இல்லை. கொப்பரையை எடுத்துவிடலாமா என்று நினைத்தேன்; இலையுதிர் காலத்தில் நூருஸ் கொப்பரை. கையைத் தட்டச்சுப் பலகையிலிருந்து எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 3.

எகாடெரின்பர்க்கிலிருந்து மெயில். ஒலெக் வீட்டுக்கே நல்ல இணைப்பு வாங்கியிருக்கிறாராம். 'அப்பா, சும்மா உங்க பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வந்துடுச்சு! குதிரை அழகா இருக்கு. காதுதான் கழுதை மாதிரி.'

காலை முழுவதும் ஒரு வேலையும் ஓடவில்லை.

ஜனவரி 17, 2003.

காதைத் திருத்தினேன். இப்போது சரியான குதிரைக் காது. சின்னக் கோப்புதான், அங்கே கண் இமைக்கும் நேரத்தில் இறங்கிவிடும். எந்தக் கெடுதலும் இல்லை.

ஏற்றவில்லை.

மார்ச் 22, 2003, சனி.

நேற்று நூருஸ். ஸ்லாவாவின் மனைவி, ருஷ்யப் பெண், யாரிடமோ கற்றுக்கொண்டு சுமோலோக் காய்ச்சி ஒரு ஜாடியில் கொடுத்தனுப்பியிருந்தாள். கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. அவனிடம் நன்றாயிருந்தது என்றேன்.

வெள்ளிக்கிழமைகளில் கை துறுதுறுக்கிறது. புது ஓரம் ஒன்று வரைந்து வைத்திருக்கிறேன், திருத்திய காதும் அப்படியே இருக்கிறது. எதையும் தொடவில்லை. அதை அங்கே வைத்துவிட்டு வெளியே நடந்துவிட்டு வந்தேன்.

இன்று நான்கு மணி ஆவதற்கு முன்னாலேயே அவள் பக்கத்து மூன்றாம் குழி காலியானது. காய்கள் ஒவ்வொன்றாக விழுந்தன, பாதாம் கொட்டைச் சத்தத்தோடு. மோசமான ஆரம்பம்.

நான் சொல்லவில்லை. என் குழியை எடுத்து விதைத்தேன். கழுதைக் காதோடு குதிரை மூலையில் நின்றுகொண்டிருந்தது.